முப்பது வயதில் தாடையில் வரும் பரு

முதலில் ஒரு கட்டி. கீழ்த்தாடையின் ஓரத்தில், தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். தொட்டால் நோகும். முகம் வைக்காது, பிதுக்கினாலும் ஒன்றும் வராது. பத்து நாள் இருந்துவிட்டு ஒரு கருமையை வைத்துவிட்டுப் போகும். அது மங்குவதற்குள் பக்கத்தில் அடுத்தது கிளம்பிவிடும். எனக்கு இது தொடங்கியது 31 வயதில், மகளைப் பாலர் பாடசாலைக்குச் சேர்த்த வருடம்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அம்மா உடம்புச் சூடு என்றார். மாமி, "கோழியும் கணவாயும் திண்டா வராம என்ன செய்யும்?" என்றார். அலுவலகத்தில் ஒரு அக்கா, நான் முகம் சரியாகக் கழுவுவதில்லை என்று நினைத்து ஃபேஸ்வோஷ் ஒன்று வாங்கித் தந்தார். எல்லாம் அன்பினால்தான். கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதங்களில் மட்டக்களப்பில் யாருக்குத்தான் உடம்புச் சூடு இல்லை, எல்லோருக்கும் தாடையில் பருவா வருகிறது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தரம் முகம் கழுவினேன். தோல் காய்ந்து எரிந்தது. பரு அப்படியே இருந்தது.

கடைசியில் தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் முகத்தை அரை நிமிடம் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" இரண்டாவது: "மாதத்தில எந்தக் கிழமை கூடுது?" சாப்பாட்டையோ சவர்க்காரத்தையோ பற்றி அவர் பேசவே இல்லை. முகத்தில் இருக்கும் பருவுக்கும் மாதவிடாய்க்கும் என்ன தொடர்பு என்பது அங்கேதான் எனக்கு முதன்முதலாக விளங்கியது.

தோலில் இருக்கும் மயிர்க்கால்களோடு எண்ணெய்ச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு உத்தரவு கொடுப்பவை அன்ட்ரஜன் எனப்படும் ஹோர்மோன்கள். டெஸ்டஸ்டெரோன் அவற்றில் ஒன்று. ஆண் ஹோர்மோன் என்று பெயர் வாங்கிவிட்டாலும், பெண்ணின் சூலகமும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பியும் அன்ட்ரஜன்களைச் சிறிய அளவில் சுரந்துகொண்டேதான் இருக்கின்றன. தோலுக்குள் ஒரு நொதியம் டெஸ்டஸ்டெரோனை இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றுகிறது. சுரப்பி பெருக்கிறது, எண்ணெய் கூடுகிறது. அதே நேரம் மயிர்க்குழாயின் வாயில் உதிர்ந்து போகவேண்டிய தோல் துணுக்குகள் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. எல்லோருடைய தோலிலும் சும்மா இருக்கிற ஒரு வகை பக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கும்போது வீங்கி, சிவந்து, நோகிறது. இந்தக் கதையில் எந்த இடத்திலும் அழுக்கு இல்லை. மூக்கில் இருக்கும் கரும்புள்ளியின் கறுப்புக்கூட அழுக்கு அல்ல, காற்றுப் பட்ட எண்ணெயும் தோலின் நிறமியும்தான்.

மாதவிடாய்க்கு முந்திய கிழமையில் ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டரோனும் இறங்கிவிடுகின்றன. அன்ட்ரஜன் அவ்வளவாக இறங்குவதில்லை. அதனால் அந்த நாட்களில் அதன் கை ஓங்குகிறது. தாடையிலும் நாடியிலும் கழுத்தின் மேற்பக்கத்திலும் மாதம் தவறாமல் கட்டி கிளம்புவது இதனால்தான். கலண்டரில் மூன்று மாதம் குறித்துப் பாருங்கள், ஒழுங்கு தானாகத் தெரியும்.

எனக்கு இரத்தப் பரிசோதனை எல்லாம் நோர்மல் என்று வந்தது. அதைப் பார்த்து, அப்படியானால் ஹோர்மோன் காரணமில்லை என்று நினைத்துவிட்டேன். பலரும் தடுமாறுகிற இடம் இது. இப்படிப் பரு வருகிற பெண்களில் பெரும்பாலானோருக்கு இரத்தத்தில் ஹோர்மோன் அளவு சரியாகத்தான் இருக்கும். அவர்களுடைய சுரப்பிதான் அந்த அளவுக்கு மிஞ்சித் துள்ளுகிறது. தெருவில் ஒரே சைக்கிள்தான் போகிறது, ஒரு வீட்டு நாய் மட்டும் குரைக்கிறது. சைக்கிளை அளந்து என்ன பயன்?

ஆனால் சிலருக்கு அளவே கூடியிருக்கும். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் சித்தியின் மகளுக்கு வயது 24. அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம்தான் விடாய் வரும். நாடியில் தடித்த மயிர், கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் துணி மாதிரிக் கறுப்பு, தாடை முழுக்கப் பரு. அந்தக் கறுப்பை ஊத்தை என்று நினைத்து வீட்டில் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அது ஊத்தை இல்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணியாமல், இன்சுலின் மிகையாகச் சுரக்கிறது என்பதற்கு அது அடையாளம். கூடிய இன்சுலின் சூலகத்தை இன்னும் அன்ட்ரஜன் சுரக்க வைக்கும். டெஸ்டஸ்டெரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தை ஈரல் குறைவாகச் செய்யும்படியும் செய்யும். நம் ஊரில் "நீர்க்கட்டி" என்று சொல்லும் பிசிஓஎஸ் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கிறது.

நீர்க்கட்டி என்ற பெயரே வீட்டில் பாதிப் பயத்தை உண்டாக்கிவிடுகிறது. ஸ்கானில் தெரிவது வெட்டி எடுக்கவேண்டிய கட்டிகள் அல்ல, முழுதாக வளராமல் நின்றுபோன சிறு முட்டைப் பைகள். 2003-இல் ரோட்டர்டாமில் நிபுணர்கள் வகுத்த அளவுகோல்படி மூன்றில் இரண்டு இருக்கவேண்டும்: விடாய் ஒழுங்கின்மை, அன்ட்ரஜன் கூடிய அறிகுறி, ஸ்கானில் அந்தத் தோற்றம். ஸ்கான் மட்டும் வைத்து ஒருவருக்கு இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. கம்பஹா மாவட்டத்தில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் 15 முதல் 39 வயது வரையான பெண்களில் 6.3 சதவீதத்தினருக்கு இது இருந்தது. அப்படியென்றால் இது அரிதான வருத்தம் இல்லை. பின்னால் நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்குக் கூட. பருவுக்காகக் கிளினிக்குக்குப் போன ஒரு பிள்ளை சீனி வருத்தத்தை முன்கூட்டியே கண்டுபிடித்துக்கொண்டு வரலாம் என்பதால்தான் அந்த முதல் கேள்வி அவ்வளவு முக்கியம். இரண்டு விடாய்க்கு நடுவில் 35 நாளுக்கு மேல் போவது வழக்கமாக இருந்தால் பரு கிறீமோடு நிற்கவேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள். சில மாதத்துக்குள் திடீரென்று மயிர் வளர்ந்து, குரலும் தடித்தால் அது வேறு விஷயம், உடனே காட்டவேண்டும்.

கோழிக்கும் கணவாய்க்கும் பருவோடு தொடர்பு உண்டு என்பதற்கு ஆதாரம் எதுவும் நான் காணவில்லை. சாப்பாட்டில் ஓரளவு ஆதாரம் இருப்பது, இரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்றும் உணவுகள் பற்றி: குவித்துப் போட்ட வெள்ளைச் சோறு, பாண், சோடா, மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. அவற்றைக் குறைத்தவர்களுக்குப் பரு ஓரளவு குறைந்ததைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாலைப் பற்றியும் சந்தேகம் உண்டு, ஆனால் அது அவ்வளவு உறுதியானதல்ல. எருமைத் தயிரை விட்டுவிடு என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். சோற்றைக் குறைத்து மரக்கறியும் பருப்பும் கூட்டிக்கொண்டேன், தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தினேன். அது உதவி மட்டும்தான். சாப்பாட்டை மாற்றினால் மட்டும் போதும் என்று ஒருவருக்குச் சொல்வது, வந்த பருவுக்கு அவரையே குற்றவாளியாக்குவது.

இனி ஒரு வெள்ளை டப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கிளினிக்குக்குப் போவதற்கு முன் நான் செய்த பெரிய பிழை அது. ஒரு ஃபேன்ஸிக் கடையில் சிநேகிதி வாங்கித் தந்தாள். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் பெயர் இல்லை, உள்ளே இளமஞ்சளில் வாசனைக் கிறீம். ஒரு கிழமையில் பரு அமுங்கியது, முகம் வெளுத்தது. "என்ன பிள்ள, முகம் பளிச்செண்டு இருக்கு" என்று எல்லோரும் கேட்டார்கள். மூன்றாவது மாதம் டப்பா முடிந்து இரண்டு நாள் பூசாமல் விட்டேன். முகம் நெருப்பாக எரிந்தது. கன்னம் முழுக்கச் சிறு சிறு சிவப்புப் பருக்கள், எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரி. வெயிலில் நிற்க முடியவில்லை. திரும்பப் பூசினால் அடங்கியது. நிறுத்தினால் கிளம்பியது.

அது ஸ்டிரோயிட், வீக்கத்தை அடக்கும் மருந்து. பீட்டமெதசோன், குளோபெட்டசோல் போன்றவை எக்ஸிமா, சொரியாசிஸ் என்ற தோல் வருத்தங்களுக்கு நல்ல மருந்துகள், டொக்டர் சொல்லும் இடத்தில், சொல்லும் நாளுக்கு மட்டும். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், இரத்த நரம்பு வெளியே தெரியும், அந்த மருந்தே பருவைக் கொண்டுவரும். வெளுக்க வைக்கும் கிறீம்களில் இன்னொன்றும் இருக்கலாம்: பாதரசம். பூசுபொருட்களில் அது பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதை, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை 2020 முதல் தடை செய்தது. பிறகு அந்த அளவையும் எடுத்துவிட்டு முழுத் தடை ஆக்கினார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசிய தாயின் கையிலிருந்து பிள்ளைக்கும் போகும். கல்யாணத்துக்கு முன் முகம் வெளுக்கவேண்டும் என்று நம் பெண்பிள்ளைகளுக்கு இந்த டப்பாக்களை வாங்கிக் கொடுப்பது என்னைக் கோபப்படுத்துகிறது. வாங்கிக் கொடுப்பவர்களும் தெரிந்து செய்வதில்லை என்பது இன்னும் வருத்தம்.

சரி, எது வேலை செய்கிறது?

முதலில் பூசும் மருந்துகள். அடப்பலீன், விற்றமின் ஏ வழியில் செய்யப்பட்டது, அடைப்பைத் திறக்கிறது. இரவில், முகம் கழுவிக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து, பரு வருகிற பகுதி முழுவதும் பூசவேண்டும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதில் பயன் குறைவு. முதல் மாதம் தோல் உரியும், சிலருக்குப் பரு கூடுவது போலவும் தெரியும். அப்போதுதான் அநேகம் பேர் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசி, மேலே வாசனையில்லாத ஈரப்பதக் கிறீம் போட்டால் தாங்கலாம். பென்சோயில் பெரொக்சைட் பக்டீரியாவைக் கொல்லும். 2.5 வீதம் போதும், 10 வீதம் எரிச்சலைத்தான் கூட்டும். அது துணியை வெளுக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் நீலத் தலையணை உறையில் கன்னம் பட்ட இடம் ஒரு முட்டை அளவுக்குச் செம்மஞ்சளாகப் போய்விட்டது. இப்போது பழைய வெள்ளை உறைதான் போடுகிறேன். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் அடப்பலீன் வேண்டாம். அசெலெயிக் அசிட் கிறீம் அவர்களுக்குப் பொருந்தும். கருமையையும் அது மெல்லக் குறைக்கும்.

டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் கப்சூலை அம்பாறைப் பக்கம் வயல் செய்பவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எலிக்காய்ச்சல் வராமல் வயலில் இறங்குபவர்களுக்குக் கொடுப்பது அதே கப்சூல்தான். பருவுக்கு அதைத் தினமும், சாதாரணமாக மூன்று மாதம் வரை கொடுப்பார்கள், பூசும் மருந்தோடு சேர்த்து. வீட்டில் வயலுக்குக் கொடுத்தது மிச்சம் இருக்கிறது என்று எடுத்துப் போடவேண்டாம். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்த்து எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. முழுக் கிளாஸ் தண்ணீரோடு எடுத்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கவேண்டும். நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்பி, இரண்டு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுத் திரும்பப் படுத்தால் அது தொண்டைக்குழாயில் நின்று புண்ணாக்கும். நோன்பு திறந்த பிறகு எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது.

இவை எல்லாம் ஹோர்மோனைத் தொடுவதில்லை. அதைத் தொடுகிற இரண்டு மருந்துகளுக்குத்தான் நம் ஊரில் பெயரே பகையாக இருக்கிறது.

ஒன்று, குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை. ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டிரோன் வகை ஒன்றும் சேர்ந்த குளிசை சூலகத்தின் அன்ட்ரஜனைக் குறைக்கிறது, டெஸ்டஸ்டெரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தையும் கூட்டுகிறது. சித்தியின் மகளுக்கு டொக்டர் எழுதிக் கொடுத்தது இதைத்தான், விடாயையும் ஒழுங்காக்கும் என்பதால். வீட்டில் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சித்தி அழுதார். "கலியாணம் கட்டாத பிள்ளைக்கு இதை ஏன் குடுத்தாங்க? ஆராவது கண்டா என்ன நினைப்பாங்க?" அந்தப் பயத்தை நான் குறைவாகப் பேசமாட்டேன். ஒரு பெண்ணின் பெயர் ஒரு குளிசைப் பெட்டியால் போய்விடக்கூடிய ஊரில்தான் நாங்கள் வாழ்கிறோம். ஆனால் அந்தக் குளிசைக்கு அது செய்யும் பல வேலைகளில் ஒன்றின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். விடாய் நோவுக்கும், அதிக இரத்தப் போக்குக்கும் அதையேதான் கொடுக்கிறார்கள். பிறகு பிள்ளை பிறக்காது என்பதும் உண்மை இல்லை, நிறுத்தினால் சூலகம் தன் வேலையைத் தொடங்கும். அன்று சித்தியோடு அரை மணி நேரம் இருந்து இதைத்தான் சொன்னேன். குளிசை தொடர்ந்தது. ஆனால் சித்தியின் மகள் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துக் கணித உபகரணப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

உண்மையான ஆபத்து வேறு. இந்தக் குளிசை கால் நரம்பில் இரத்தம் உறையும் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டும். முன்பு இரத்தம் உறைந்தவர்கள், பிரஷர் கூடியவர்கள், கண்ணில் மின்னல் வெட்டி வரும் மைக்ரேன் தலையிடி உள்ளவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள் எடுக்கக்கூடாது. பச்சிளம் பிள்ளைக்குப் பாலூட்டுபவர்களுக்கும் இது பொருந்தாது. அதனால் பிரஷர் பார்க்காமல், ஃபார்மசியில் கேட்டு வாங்கித் தொடங்கவேண்டாம். புரொஜெஸ்டிரோன் மட்டும் உள்ள மூன்று மாத ஊசியும், கையில் தோலுக்கு அடியில் வைக்கும் குச்சியும் சிலருக்குப் பருவைக் கூட்டும் என்பதையும் சொல்லவேண்டும். எல்லோருக்கும் அல்ல. பிள்ளை பிறந்து அதைப் போட்டபிறகுதான் பரு தொடங்கியதென்றால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், வேறு முறை பார்ப்பார்கள்.

இரண்டாவது, ஸ்பைரனோலக்டோன். இதயத்துக்கும் பிரஷருக்கும் ஈரல் வருத்தத்தில் வயிற்றில் நீர் கோப்பதற்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் பழைய குளிசை. டொக்டர் எழுதித் தந்த துண்டை நான் கொடுத்தபோது ஃபார்மசியில் இருந்த தம்பி, "அக்கா, வீட்டில ஆருக்கு இதய வருத்தம்?" என்று கேட்டார். இந்தக் குளிசை தோலில் அன்ட்ரஜன் வந்து உட்காரும் இடத்தை மறிக்கிறது. முன்பு சொன்ன, சைக்கிளுக்குக் குரைக்கிற நாய்க்குக் காதைப் பொத்துவது போல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களை வைத்துச் செய்து 2023-இல் வெளியான ஆய்வில், மருந்தில்லாத வெறும் குளிசையோடு இதை ஒப்பிட்டார்கள். 12 கிழமையில் சிறிய வித்தியாசம்தான், 24 கிழமையில் அது தெளிவாகத் தெரிந்தது. என் முகமும் அப்படித்தான். மூன்றாம் மாத முடிவில் நிறுத்திவிடலாமா என்று இருந்தேன். ஐந்தாம் மாதம் விடாய் வந்தது, தாடையில் விரல் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

இது சிறுநீரைக் கூட்டும், கச்சான் காலத்தில் தலை சுற்றும், விடாய் முன்பின்னாகும். உடம்பில் பொட்டாசியத்தையும் ஏற்றும். சுகமான இளம் பெண்களுக்கு அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அம்பாறை மாவட்டத்தின் மேற்கே தெஹியத்தகண்டி போன்ற பகுதிகளில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முதலிலேயே சொல்லி இரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமோக்ஸசோல் போன்ற மருந்தும் பொட்டாசியத்தை ஏற்றும், இரண்டையும் சேர்த்து எடுக்கக்கூடாது. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் ஸ்பைரனோலக்டோன் கூடாது, ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். அடுத்த பிள்ளையைப் பற்றி என்ன யோசனை என்று டொக்டர் கேட்டது அதற்காகத்தான்.

ஐசோட்ரெட்டினோயின் கப்சூல் கடுமையான, தழும்பு விழும் பருவுக்கு. எண்ணெய்ச் சுரப்பியையே சுருங்கச் செய்யும். பலருக்கு நிரந்தரமாகக்கூடப் போய்விடும். உதடு வெடிக்கும், ஈரலும் கொழுப்பும் பார்க்க இரத்தம் எடுக்கவேண்டும். கர்ப்ப காலத்தில் எடுத்தால் பிள்ளைக்கு மிகப் பாரதூரமான குறைபாடுகள் வரும். எடுக்கும் காலம் முழுவதும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக்கூடாது. இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. அதனால் இங்கே இந்த எச்சரிக்கைக்கு இரட்டிப்புக் கனம். மணமானவரா, ஆகாதவரா என்று பார்த்து இதைச் சொல்லாமல் விடுவது தவறு.

ஆண்களுக்கும் முப்பதில் பரு வரும். ஜிம்முக்குப் போகும் தம்பிமார் பாலிலிருந்து எடுக்கும் வே (whey) புரத மாவையும், அதைவிட முக்கியமாகத் தசை வளர்க்க யாராவது போட்டுவிடும் ஊசிகளையும் யோசித்துப் பார்க்கவேண்டும். மேலே சொன்ன ஹோர்மோன் மருந்துகள் அவர்களுக்கு இல்லை.

சில சின்ன விஷயங்கள். ஸ்கூட்டி ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் வார் சரியாகத் தாடையில்தான் உரசும், வியர்வையோடு. வாரைக் கழுவுங்கள், வீட்டுக்கு வந்ததும் முகத்தையும் மெதுவாகக் கழுவுங்கள். நாளைக்கு இரண்டு தரம் போதும். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழிந்தால் அங்கே பொரிப் பொரியாக வரும். தேசிக்காய்ப் புளியை முகத்தில் பூசி வெயிலில் போனால் தோல் பொசுங்கிக் கறுக்கும். பற்பசையும் வேண்டாம்.

அப்புறம், பரு போன பிறகும் நிற்கும் கருமை. நம் நிறத்துத் தோலில் எங்கே வீங்கினாலும் நிறமி அங்கே கூடும். அது தழும்பு அல்ல, மாதக்கணக்கில் மங்கும். ஆனால் வெயில் பட்டால் மங்காது. கல்லடிப் பாலத்தில் பத்து நிமிடம் போவதும் வெயில்தான். சண்ஸ்கிறீன் வாங்க முடிந்தால் தினமும் காலையில் பூசுங்கள். விலை கட்டாது என்றால் குடையும், அகலத் தொப்பியும், முகத்துக்கு மேல் இழுத்துவிட்ட முந்தானையும் உதவும். ஆனால் பருவைப் பிதுக்கினால் நிரந்தரக் குழி விழலாம்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், அம்பாறை, கல்முனை ஆஸ்பத்திரிகளிலும் தோல் வருத்தத்துக்குக் காசில்லாமல் காட்டலாம். எல்லா மருந்தும் உள்ளே கிடைக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம், சிலவற்றுக்கு வெளியே வாங்கத் துண்டு தருவார்கள். விலை கேட்டு, குறைந்த விலையில் அதே மருந்து வேறு பெயரில் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போகும் நாளில் பவுடர் போடாமல் போங்கள். கடைசி மூன்று மாத விடாய்த் திகதிகளை எழுதிக்கொள்ளுங்கள். எடுக்கும் குளிசைகள், போட்ட ஊசி, இது வரை பூசியது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வெள்ளை டப்பாவும் இருந்தால் அதையும். மூடியில் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டொக்டர் திறந்து பார்ப்பார்.